பாட்டு வகுப்பில் கண்ணுக்கும் கைக்கும் காலுக்கும் இடம்: கொழிஞ்சாம்பாறை டீச்சருக்கு ஒரு பதில்

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பாட்டு டீச்சர் கேட்டிருக்கிறார். நாலாம் வகுப்பு. ஒரு பெண்பிள்ளைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்திருக்கிறது. ஒரு பையனுக்குக் கண் தெரியாது. ஆட்டிசம் உள்ள இன்னொரு பையன், சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறான். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண் இருக்கிறாள். எழுத்து வாசிக்கத் தடுமாறுகிற இரண்டு மூன்று பேரும் உண்டு. இவர்களோடு மற்றப் பிள்ளைகளையும் ஒரே பீரியடில் வைத்து, கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பச் சுரப் பயிற்சியான சரளி வரிசையை எப்படிச் சொல்லித்தருவது? படம், வண்ணம், தொட்டு உணரும் சாமான்கள் எல்லாம் உதவும் என்கிறார்களே, எதை வாங்கலாம்? போன் ஆப்கள் உதவுமா? இதுதான் கேள்வி.

டீச்சர், வாங்குவதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால், இன்றைய பீரியடில் இசையின் எந்த அம்சத்தைச் சொல்லித்தரப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தாளமா, சுரங்களுக்கு இடையிலுள்ள தூரமா, பாட்டின் அமைப்பா, சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகமா? அது முடிவானால் எந்தப் புலன் வழியாகப் போவது என்பதும் தெரிந்துவிடும். தாளம் தோலுக்கும் கைக்கும் நன்றாகப் பிடிபடும். சுரங்களின் தூரத்தைக் காலடியாலும் விரலாலும் அளக்கலாம். பல்லவி எங்கே திரும்பி வருகிறது, சரணம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண் சீக்கிரம் கண்டுகொள்ளும். இந்தத் தெளிவு இல்லாமல் வண்ண அட்டை, விளக்கு, மணி, பலூன் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கினால் அந்த ஆட்டிசம் பையன் ஐந்து நிமிஷத்தில் தளர்ந்துபோவான். மற்றவர்களுக்கும் எதைக் கவனிப்பது என்று தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளை பார்த்துப் படிக்கிற வகை, அந்தப் பிள்ளை கேட்டுப் படிக்கிற வகை என்று பிரிக்கச் சொல்லிப் பயிற்சிகளில் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க உளவியலாளர்கள் நான்கு பேர் 2008-ல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அப்படிப் பிரித்துப் பாடம் நடத்துவதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். நான் பார்த்த வகுப்புகளும் அதைத்தான் சொல்கின்றன. ஒரு பிள்ளைக்காகக் கொண்டுவந்த கருவி எல்லாருடைய கையிலும் புழங்கும்போதுதான் வேலை செய்கிறது. அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று வைத்தால் அது மூலையில் கிடக்கும், பிள்ளையும் மூலையில் உட்காரும்.

தாளத்திலிருந்து தொடங்குங்கள். அதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். ஆதி தாளம் ஒரு லகு, இரண்டு திருதம். லகுவுக்கு ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் திருதங்களுக்குத் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு அட்சரத்தில், அதாவது எட்டு எண்ணிக்கையில், நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைக் கையே காட்டிவிடுகிறது. காது கேளாத பிள்ளை எதிரே இருப்பவர் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம், கண் தெரியாத பிள்ளை தன் தொடையில் விழும் தட்டையும் விரலையும் வைத்து எண்ணலாம். நம் பக்கத்து உற்சவங்களில் செண்டை முழங்கும் பஞ்சாரி மேளம் பார்த்திருப்பீர்கள். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், பிறகு 48, 24, 12, 6 என்று சுருங்கிக்கொண்டே வரும். சுற்றி நிற்கிற கூட்டம் கையை உயர்த்தித் தாளம் பிடிக்கும். காலம் மாறுவதைச் சத்தமே கேட்காமல் அந்தக் கைகளைப் பார்த்தே சொல்லிவிட முடியும். அந்தக் காட்சியை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். பிள்ளைகளை வட்டமாக உட்காரவையுங்கள், எல்லாருக்கும் எல்லாருடைய கையும் தெரியட்டும்.

தாளத்தின் சொற்கட்டுகளை வாயால் சொல்ல வையுங்கள். நாலுக்குத் தகதிமி, மூன்றுக்குத் தகிட, ஐந்துக்குத் தகதகிட. எழுத்தில் தடுமாறுகிற பிள்ளைகள் இதில் முன்னால் நிற்பதைப் பார்ப்பீர்கள். கண் தெரியாத பையனுக்குத் தாளம் காட்டும்போது அவன் கையைப் பிடித்து நடத்தாதீர்கள். உங்கள் கை அடியில் இருக்கட்டும், அவன் கை அதன் மேல் இருக்கட்டும். வேண்டாம் என்று தோன்றினால் அவனே எடுத்துக்கொள்வான். பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற வழி இது. கை அவனுக்குக் கண்ணும்கூட, அதைப் பிறர் இழுத்தால் அவனுக்கு எதுவும் தெரியாமல் போகும்.

இனி இம்ப்ளாண்ட் வைத்த பெண்பிள்ளை. பிள்ளைகளுக்கு இம்ப்ளாண்ட் வைக்க உதவும் கேரள அரசின் ‘ஸ்ருதிதரங்கம்’ திட்டம் வந்த பிறகு நம் பள்ளிகளில் இம்ப்ளாண்ட் வைத்த பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது, பாட்டு டீச்சர்கள் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். நல்ல காதுக்குள் ஒலியை வாங்கும் உள்வரிசை மயிர்ச் செல்கள் 3,500 அளவில் இருக்கும். இம்ப்ளாண்டில் அந்த வேலையைச் செய்வது 12 முதல் 22 மின்முனைகள். பேச்சுக்கு அது போதும். தாளமும் கிட்டத்தட்ட முழுதாகப் போய்ச் சேரும். சுருதிதான் மங்கிப்போகும். ரிக்கும் கவுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குக் கேட்கிற மாதிரி அவளுக்குக் கேட்காது. அதனால் சுரம் பிசகினால் ‘சரியாகக் கேள், திரும்பப் பாடு’ என்று சொல்வதில் பயனில்லை. அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், கருவி தருவது அவ்வளவுதான். சுருதியை அவளுக்கு வேறு வாசல் வழியாகத்தான் காட்டியாக வேண்டும்.

ஒரு வாசல் தோல். விரல் நுனி அதிர்வை மிக நன்றாக உணர்வது ஏறக்குறைய 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை. 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது. ஐந்து கட்டை சுருதியில் ஸட்ஜம், அதாவது ‘ஸ’, 196 ஹெர்ட்ஸ், ஒரு கட்டையில் 131. ஆக, தம்புராக் குடத்தில் உள்ளங்கையை வைத்தால் ஆதார ஸட்ஜம் கைக்கு நன்றாகவே தெரியும், வயலின் மேல் ஸ்தாயி தெரியாது. மிருதங்கத்தில் தொப்பி எனும் இடது பக்கம் வாசிக்கும்போது கட்டையில் விரல் வைக்கச் சொல்லுங்கள், பிறகு வலது பக்கமான வலந்தலை வாசியுங்கள். இரண்டும் வேறு வேறு என்று அவளே சொல்வாள். ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவெலின் க்ளெனி பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். தாழ்ந்த ஒலிகளைக் காலிலும் உயர்ந்த ஒலிகளை முகத்திலும் கழுத்திலும் உணர்வதாகச் சொல்பவர், மேடையில் செருப்பில்லாமல் நிற்பவர். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளைச் சிமெண்ட் தரையில் வெறுங்காலுடன் நிற்கவைப்பவர்கள் உண்டு. கனத்த சிமெண்ட் தரை லேசில் அதிராது, காலுக்கு எதுவும் வராது. உள்ளே வெற்றாக இருக்கும் மரப்பெட்டிதான் வேண்டும். மூன்றடிக்கு இரண்டடி, அரையடி உயரம், மேலே மெல்லிய பிளைவுட். ஒரு ஓரத்தில் பறையோ மிருதங்கமோ ஸ்பீக்கரோ இருக்கட்டும், மறு ஓரத்தில் பிள்ளை காலை வைக்கட்டும். இது ஒரு ஆசாரிக்கு அரைநாள் வேலை.

பலூனைக் கையில் பிடித்தால் ஒலி அதில் அதிரும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் உங்கள் வகுப்புக்கு வேண்டாம். பலூன் உரசினால் நிலைமின்சாரம் வரும், இம்ப்ளாண்ட் கருவி வைத்திருப்பவர்களை நிலைமின்சாரத்திலிருந்து விலகியிருக்கச் சொல்வார்கள். ஸ்பீக்கரைத் தலையோரம் பிடிப்பதும் கூடாது, அதிலுள்ள காந்தம் வெளிக்கருவியைப் பிடித்திருக்கும் காந்தத்தோடு மோதும். பலூன் வெடித்தால் ஆட்டிசம் பையன் அதற்குப் பிறகு பாட்டுப் பீரியடுக்கே வரமாட்டான். பால்பவுடர் டின்னின் வாயில் ரப்பர் ஷீட்டை இழுத்துக் கட்டி மேலே நாலு சிட்டிகை உப்பைத் தூவுங்கள். பக்கத்தில் ‘ஸா’ என்று நீட்டிப் பாடினால் உப்பு குதிக்கும், சுருதியை மாற்றினால் குதிக்கிற விதமும் மாறும். 1787-ல் எர்ன்ஸ்ட் க்ளாட்னி உலோகத் தகட்டில் மணலைத் தூவி அதிர்வுக் கோலங்களைக் காட்டினாரே, அதற்குத் தம்பி முறை இது.

இன்னொரு வாசல் கால். எனக்கு மிகப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறோம். ஒரு ஸ்தாயியில், அதாவது கீழ் ஸவிலிருந்து மேல் ஸவுக்குள், 12 சுரத்தானங்கள். தரையில் கயிறு ஒட்டி ஒன்பதடிக்கு ஒரு ஏணி போடுங்கள், ஒரு தானத்துக்கு ஒரு சாண். எல்லாப் படியும் சமமாக வைத்து ஸ ரி க ம என்று எழுதிய ஏணிப் படம் பாடப்புத்தகங்களில் வரும். அது தப்பான படம். இந்த ராகத்தில் ஸ-ரி ஒரு சாண், ரி-க மூன்று சாண், க-ம ஒன்று, ம-ப இரண்டு, ப-த ஒன்று, த-நி மூன்று, நி-மேல்ஸ ஒன்று. அந்த எட்டு இடங்களில் மட்டும் கயிறு வையுங்கள். பிள்ளை பாடிக்கொண்டே நடக்கும்போது ஸவிலிருந்து ரிக்குக் காலை நகர்த்தினால் போதும், ரியிலிருந்து கவுக்குத் தாவ வேண்டும். மறுபடி ஒரு சின்ன நகர்வு. பஞ்சமத்துக்குப் போனதும் அதே சின்ன நகர்வு, அதே தாவல், அதே சின்ன நகர்வு. பூர்வாங்கமும் (ஸ முதல் ம வரை) உத்தராங்கமும் (ப முதல் மேல்ஸ வரை) ஒரே அச்சு என்பதை நீங்கள் வாய் திறக்காமலே கால் கண்டுபிடிக்கும். ‘மேலேயும் அதே மாதிரிதான் இருக்கு’ என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும்போது நீங்கள் ஒரு வாரப் பாடத்தை முடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கண் தெரியாத பையனுக்குப் பாதத்தில் கயிறு தெரியும். ஸவுக்கும் பவுக்கும் மட்டும் சாக்குத் துண்டு ஒட்டிவிடுங்கள், அந்த இரண்டும் அசையாத சுரங்கள் என்பது உரசலிலேயே பதியும். இம்ப்ளாண்ட் வைத்த பெண்ணுக்குத் தூரம் கண்ணிலும் காலிலும் வந்துவிடுகிறது. சக்கர நாற்காலிப் பெண்ணுக்கு என்ன செய்வது? மேசையிலுள்ள ஒரு அடி மர ஸ்கேலை எடுங்கள், அதில் சரியாக 12 அங்குலம். பூஜ்யத்தில் ஒரு ரப்பர் பேண்ட், பிறகு 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய அங்குலங்களில் ஒவ்வொன்று. விரலால் நடந்தால் அதே ராகம். எல்லாருக்கும் ஒரு ஸ்கேல் செய்து கொடுத்துவிடலாம், அந்தப் பெண்ணுக்கு மட்டும் தனிச் சாமான் என்று இருக்காது. ராகம் மாறினால் ரப்பர் பேண்டை நகர்த்தினால் போதும். மோகனத்துக்கு 0, 2, 4, 7, 9, 12.

இதற்கு ஒரு எல்லை உண்டு. சுரம் என்பது நம் சங்கீதத்தில் ஒரு புள்ளி இல்லை. வரிசைகளைத் தாண்டி கீதம், வர்ணம் என்று போனதும் கமகம் வரும், கயிறும் ஸ்கேலும் அதைக் காட்டாது. அப்போது கோடு வரையுங்கள். காந்தாரம் (க) எங்கே கிளம்பி எதைத் தொட்டு எங்கே நிற்கிறது என்பதைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைந்து பிள்ளைகளைக் காற்றில் விரலால் வரையச் சொல்லலாம், பக்கத்துப் பிள்ளையின் உள்ளங்கையிலும் வரையச் சொல்லலாம். இது புதுமோகம் இல்லை. சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 1904-ல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளே இருக்கின்றன.

எழுத்துக்கு வருவோம். ஸ ரி க ம என்ற எழுத்துகளே சிலருக்குத் தடையாக இருக்கும். பின்லாந்தில் கார்லோ உசிதாலோ என்பவர் 1996-ல் உருவாக்கிய ஃபிகர்நோட்ஸ் முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம், ஸ்தாயிக்கு ஒரு வடிவம். காகிதத்தில் உள்ள அதே அடையாளம் வாத்தியத்தின் கட்டையிலும் ஒட்டியிருக்கும். பிள்ளை எதையும் மொழிபெயர்க்க வேண்டாம், பொருத்தினால் போதும். அதன் பலமே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அந்த நிறங்களையே எடுக்க வேண்டியதில்லை, உங்கள் வகுப்புக்கு ஒன்று வகுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிறத்தோடு வடிவமும் கட்டாயம் வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத பையன்கள் எந்த வகுப்பிலும் இருக்கலாம், பெரும்பாலும் அது வீட்டுக்கே தெரியாமல் இருக்கும். காலத்தை நீளத்தால் காட்டுங்கள். ஒரு அட்சரம் ஒரு விரற்கடை அட்டை, சுரம் நீண்டு கார்வை வந்தால் அட்டையும் அத்தனை நீளம். அட்டையில் தொட்டுணர விதை ஒட்டுவதானால் புளியங்கொட்டை, மஞ்சாடி எது வேண்டுமானாலும் ஒட்டுங்கள், குன்றிமணி மட்டும் வேண்டாம். அது விஷம்.

கண் தெரியாத பையனுக்கு, குரு பாடக் கேட்டுப் படிக்கும் நம் குருமுகப் பாடமுறையே பெரிய வசதி. அதற்காக அவனை எழுத்தில்லாமல் விட்டுவிடாதீர்கள். பிரெய்ல் படிக்கிறான் என்றால் சுர எழுத்துகளை அவன் பிரெய்லிலேயே எழுதிக்கொள்ளலாம், நாளைக்கு யாரையும் கேட்காமல் பாடத்தைத் திருப்பிப் பார்க்கலாம். அந்த எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்லும் ஆர்கன் வாசித்தவர்தான். அவர் முறையில் இசைக்கும் இடம் உண்டு, ஆறு புள்ளியில் மேல் நான்கு சுரத்தையும் கீழ் இரண்டு அதன் கால அளவையும் சொல்லும். கீபோர்டு பக்கம் அவன் போவதானால் அது பயன்படும். பார்வையற்ற பாடகி வைக்கம் விஜயலட்சுமி காயத்ரி வீணையில், அதுவும் ஒற்றைத் தந்தியில், வாசிப்பதை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். கூடவே ஒன்று: கண் தெரியாதவர்களுக்குப் பாட்டு தானே வரும் என்ற பேச்சை வகுப்பில் அனுமதிக்காதீர்கள். அவனுக்குக் கணக்கு பிடித்திருக்கலாம். பாட்டில் அவன் சுமாராக இருக்கவும் உரிமை உண்டு.

ஆட்டிசம் உள்ள பையனுக்கு முதலில் வேண்டியது அடுத்து என்ன வரும் என்ற நிச்சயம். சுருதி, தாளம், வரிசை, விளையாட்டு, வணக்கம் என்று ஐந்து படங்களைச் சுவரில் மாட்டி, முடிந்ததைத் திருப்பிவையுங்கள். பெரிய சத்தம் வருவதற்கு முன் ஒரு சைகை காட்டுங்கள். காது மூடி வாங்கி எல்லாருக்கும் எட்டுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். வெளியே ஓடுவதைக் குறும்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கதவோரம் ஒரு பாய் போட்டு ‘இங்கே வந்து உட்கார்’ என்று இடம் கொடுத்தால் ஓட்டம் குறையும். சத்தத்தைக் கிளப்புகிற ஆள் அவனாகவே இருந்தால் பெரும்பாலும் பயம் இருக்காது. பறையின் முதல் அடியை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.

போன் ஆப்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குரல் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைகிற ஆப்கள் இம்ப்ளாண்ட் வைத்த பிள்ளைக்கு உதவும், தன் குரல் மேலே போனதா என்று அவளே பார்ப்பாள். ஆனால் டியூனர் வகை ஆப்களில் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு இருந்தால் மறைத்துவிடுங்கள். அவை ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக்கும் கீபோர்டின் கணக்கில் அளக்கின்றன. தம்புரா நன்றாகக் கூடினால் தானாகவே அந்தரகாந்தாரம் (நம் ஏணியிலுள்ள க) கேட்கும் இல்லையா, அது கீபோர்டு காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்ந்தது, அதாவது அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. தம்புராவோடு இழைந்து பாடுகிற பிள்ளையை அந்த ஆப் தப்பு என்று சொல்லும். பத்து நிமிஷத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

வாங்குவது பற்றி. மரப்பெட்டி, கயிறு, ஸ்கேல்கள், காது மூடி, இவற்றுக்குப் போகக் காசு மிச்சமிருந்தால் பட்டைகளைக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சைலோஃபோன் வாங்குங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்க வகுத்த வழியில் வந்தது. வேண்டாத பட்டைகளை எடுத்துவிட்டால் கை நடுங்குகிற பிள்ளை எங்கே தட்டினாலும் ராகத்துக்குள்தான் விழும். பொம்மைக் கடையில் கிடைக்கிற எட்டுப் பட்டை சைலோஃபோனில் மாயாமாளவகௌளை வராது, அதில் இருப்பது சங்கராபரணம். மவையும் நியையும் கழற்றினால் மோகனம் கிடைக்கும், அதற்கு மட்டும் என்றால் அதுவே போதும். எல்லாச் சுரமும் வேண்டுமென்றால் பன்னிரண்டு தானமும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். குச்சியைப் பிடிக்க முடியாத கைக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடியாக்கினால் பிடி கிடைக்கும். பிரெய்ல் அட்டைக்கும் படங்களுக்கும் உங்கள் வட்டார வள மையத்தின் (பி.ஆர்.சி.) சிறப்பாசிரியரைக் கேளுங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு கலை வகுப்பிலும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது, தயங்க வேண்டாம். பள்ளிக் கலைப் போட்டியான கலோத்சவத்துக்கு ஆள் தேறுமா என்ற கணக்கில் யாராவது பேசினால் அதைத் தனி நேரத்துக்குத் தள்ளுங்கள், பொதுப் பீரியடுக்குள் விடாதீர்கள்.

வகுப்பறை ஷீட் கூரை என்றால் எதிரொலியில் காது மெஷின் வைத்த எந்தப் பிள்ளைக்கும் சொல் விளங்காது. வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ போங்கள். இம்ப்ளாண்ட் எந்தப் பக்கம் என்று பெற்றோரிடம் கேட்டு, அந்தப் பக்கத்தில், ஒரு மீட்டர் தள்ளி நீங்கள் உட்காருங்கள். தரையில் கயிறு ஒட்ட ஹெட்மாஸ்டர் சம்மதிக்கவில்லையென்றால் இரண்டு கோரைப்பாய்களை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து அதில் ஒட்டிக்கொள்ளலாம். பீரியட் முடிந்ததும் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிடலாம், ஐந்தாம் வகுப்புக்கும் அதுவே ஆகும்.